தபாலும் டீச்சரும்

அவளுக்குத் ‘தபால்’ என்று பெயர் வந்தது பத்தொன்பதாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு. நேரம் வரைக்கும் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்தக் கதையை நாடகக்காரர்கள் நாற்பது வருஷம் விடாமல் சொல்லிச் சிரித்ததுதான்.

அப்பா தையல்காரர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷினைப் போட்டுக்கொண்டு தைத்தார். ஊரில் இருந்த நாடகக் குழுவுக்கு ராஜா உடுப்பு, சிப்பாய் உடுப்பு, பைத்தியக்காரன் உடுப்பு எல்லாம் அவர் கைவேலை. பைத்தியக்காரன் உடுப்புதான் கஷ்டம் என்பார். நல்ல துணியை ஒழுங்காகத் தைத்துவிட்டு, அப்புறம் பார்த்துப் பார்த்துக் கிழிக்க வேண்டும். தைத்ததை அரங்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது இளைய மகளின் வேலை. மூத்தவள் நான்கு வயது பெரியவள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். அவள் பிறக்கும்போதே டீச்சர்தான், வேலை உத்தரவு பிறகு வந்தது என்பார் அப்பா. அம்மா வெகுகாலம் முன்பே போய்விட்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்காரி வேஷம் போட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். குழுத் தலைவர், உடுப்பு மூட்டையோடு வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, நடக்கத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“பேசத் தெரியும்?”

“ம்.”

“போதும். உள்ள போய், ‘ஐயா, தபால் வந்திருக்கு’ன்னு சொல்லு. கடுதாசியைக் குடு. திரும்பி வந்துடு.”

போனாள். சொன்னாள். இடுப்பில் கையை விட்டபோதுதான் கடிதத்தை மேக்கப் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. கைக்கு அகப்பட்டது அப்பாவின் அளவுச் சீட்டு. அதையே நீட்டிவிட்டு வந்துவிட்டாள். தம்பி போரில் இறந்த செய்தியைப் படித்துக் கதற வேண்டிய கதாநாயகர் சீட்டைப் பிரித்தார், மீசை ஒருமுறை துடித்தது, மனப்பாடமாகவே கதறி முடித்தார். உள்ளே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “யாருப்பா அது, இடுப்பு இருபத்தெட்டு, கை பதினாறு?”

அன்றிலிருந்து அவள் தபால். காய்ச்சல்காரப் பெண் திரும்பி வரவில்லை. நூற்று நாற்பது காட்சிகளில் அந்த ஒரு வரியை இவள்தான் சொன்னாள்.

அக்காவுக்கு நாடகம் என்றாலே இளக்காரம். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்தால் அவளுக்குப் பொறுக்காது. ஒருநாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது தெருமுனையில் நின்று கேட்டாள்:

“‘வந்திருக்கு’ல கடைசி எழுத்து எங்கடி போச்சு?”

“ஏன், சொன்னேனே.”

“நீ சொன்னது உனக்குக் கேட்டுது. எனக்கு ‘தபால் வந்திரு’ன்னுதான் கேட்டுது. தபாலைக் கூப்பிடறியா?”

மறுநாளிலிருந்து வசனம் கேட்பது அக்காவின் பொறுப்பாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு கையில் காகிதம், ஒரு கையில் பென்சில். மற்றப் பாத்திரங்கள் பேசுவதையெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப்போல ஒரே சுரத்தில் படிப்பாள். தங்கை தடுமாறினால் எடுத்துக் கொடுக்க மாட்டாள். “அடுத்து?” என்பாள். அவ்வளவுதான். ஞாபகம் வரும்வரை காத்திருப்பாள். அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் காத்திருப்பாள்.

ஒரு வரி பத்து வரியாயிற்று, அப்புறம் பக்கம் பக்கமாயிற்று. பன்னிரண்டு வருஷம் அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனாள். இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள், தூங்கினாள், ஒருமுறை அதன்மேலேயே தலை சாய்த்து அப்பா இறந்த செய்தியைக் கேட்டாள். விதவை, ராணி, பிச்சைக்காரி, ராணியாக இருந்து பிச்சைக்காரியானவள் எல்லாம் அவள்தான். முப்பது வயதுக்குள் குரல் கட்டை ஆயிற்று. கணுக்காலில் ஒரு வலி வந்து குடியேறியது. மேடைப் பலகையில் தினம் தினம் கால் மடங்கி விழுந்ததன் பலன் அது.

நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. குழுவின் விளக்குக்காரர். அவள் முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தபோது பேசுவதற்கு இருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆறாவது வருஷம் வேறொரு குழுவோடு வெளியூர் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சண்டை இல்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. “தபாலுக்கே தபால் வரலையா?” என்று குழுவில் ஒருத்தன் சிரித்தான். அவளும் கூடச் சிரித்துவைத்தாள். அன்று மாலையே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கதவைத் திறந்தவள் பெட்டியைப் பார்த்தாள். “அந்த அலமாரியில கீழ்த்தட்டு காலிதான்” என்றாள். அதற்குமேல் அந்தக் கல்யாணத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

சினிமாவுக்குப் போனது முப்பத்து நான்கில். முதல் படத்தின் இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார்.

“அம்மா, கேமரா பக்கத்துலதான் இருக்கு. அடுத்த தெருவுல இல்ல.”

குறைத்தாள். இன்னும் குறைக்கச் சொன்னார். உதட்டை மட்டும் அசைத்தாள். “ஆங், இதான்!” என்றார். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பதினைந்து வருஷம் பழகியதை மறக்க மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் அவளுக்கென்று ஒரு வரிசை வேஷம் ஏற்பட்டுவிட்டது: பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், வீட்டுச் சொந்தக்காரி, கல்யாண வீட்டில் குறை சொல்பவள், பேருந்தில் கதாநாயகிக்கு இடம் விடுபவள். காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள். மாலை நாலு மணிக்குக் கூப்பிடுவார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. மேக்கப் கலையக் கூடாது என்பதால் முகத்தைத் துடைக்கவும் முடியாது, சாய்ந்து தூங்கவும் முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். நடிப்பைவிட அதுதான் தன் தொழில் என்று பிற்பாடு சொல்வாள்.

ஒரு படத்தில் ஏழு நாள் நடித்தாள். கதாநாயகனுக்கு அத்தை. நல்ல வசனங்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனாள். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அத்தையைக் காணோம். வெளியே வரும்போது அக்கா யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“ஆஸ்பத்திரி சீன்ல ஓரமா ஒரு தோள் தெரிஞ்சுதே. அது உன்னோடதுதான்.”

“எப்படிச் சொல்ற?”

“எல்லாரும் அழுவுறாங்க. அந்தத் தோளு மட்டும் கூனாம நின்னுது. உனக்குக் கூனு போடத் தெரியாது.”

இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தில் நின்று சிரித்தார்கள். பேருந்தில் ஏறியதும் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

ஐம்பத்து மூன்றாவது வயதில் சீரியல் வந்தது. கொடுமைக்கார மாமியார். தினமும் மாலை ஏழு மணிக்கு, வாரத்தில் ஆறு நாள். அவள் கண்ணை உருட்டினால் இடி இடிக்கும், முகத்தை மூன்று தடவை கிட்டத்தில் காட்டுவார்கள். முப்பத்து நான்கு வருஷம் நடித்தும் யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதவளை மூன்றே மாதத்தில் ஊருக்கே தெரிந்தது. செருப்பு தைக்கக் கொடுத்த இடத்தில் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மருமக தங்கமான பொண்ணு. அவளை விட்டுடுங்கம்மா, பாவம்.”

“நான் என்னிக்கோ விட்டுட்டேம்மா. கதை எழுதறவர்தான் விட மாட்டேங்கறார்.”

அடுத்த வருஷம் அக்கா பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சீரியல் வசனம் முந்தின ராத்திரிதான் கைக்கு வரும். ஐந்து மணிக்கு எழுந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஒப்பிக்க ஆரம்பிப்பார்கள். “இந்த மாமியாருக்குக் கூட்டல் கழித்தல்கூடத் தெரியல. போன வாரம் இருபது வருஷத்துக்கு முன்னாடிங்கறா, இன்னிக்கி இருபத்தஞ்சுங்கறா” என்று பென்சிலால் திருத்துவாள் அக்கா. திருத்தியதை யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் திருத்துவாள்.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. தங்கை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நின்றுபோனது. “அடுத்து?” வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பால் பொங்கி வழிந்தது. திரும்பிப் பார்த்தாள். அக்கா முக்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் இருப்பது வேறு ஏதோ பாஷை என்பதைப்போல. பென்சில் கீழே கிடந்தது. வாயின் வலது ஓரம் தொங்கிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். “மூளையில இடது பக்கம் அடைப்பு. அதனாலதான் வலது கை, வலது கால், பேச்சு மூணும் சேர்ந்து போயிருக்கு” என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் இல்லை. நடப்பாளா என்பதற்கும் பேசுவாளா என்பதற்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: “பாக்கலாம்.”

ஆறாவது வாரம் ஒரு வார்த்தை வந்தது. “அடுத்து.” அந்த ஒன்றுதான். பசித்தாலும் அடுத்து, தலையணை சரிந்தாலும் அடுத்து, கோபம் வந்தாலும் அடுத்து. சில பேருக்கு இப்படி ஏதாவது ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடும், மற்றதெல்லாம் உள்ளே இருக்கும், வெளியே எடுக்க வராது என்று டாக்டர் விளக்கினார். எந்த அடுத்து எதற்கு என்று தங்கைக்கு இரண்டே மாதத்தில் பிடிபட்டுவிட்டது.

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா வந்தாள். முன்பு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, சீரியல் என்றால் உயிர். மற்ற நேரமெல்லாம் தங்கைதான். தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது. முடித்துவிட்டு ஷூட்டிங் போய்க் கண்ணை உருட்டினால் கண் தானாக மூடிக்கொண்டது.

கதை எழுதுபவரிடம் போய் நின்றாள்.

“சார், ஒரு ஆறு மாசம் என்னைக் கொன்னுடுங்களேன்.”

“செத்தா எப்படிம்மா ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க? அதுவும் வில்லி செத்தா சீரியலே செத்துடும்.” அவர் யோசித்தார். “அக்காவுக்கு என்னன்னு சொன்னீங்க?”

“பக்கவாதம்.”

“ம். அதையே வெச்சுக்கலாம். மாமியார் படுத்துடறா. மாசத்துக்கு அஞ்சு நாள் வந்து படுத்துட்டுப் போங்க.”

“அது வேண்டாமே சார். வேற ஏதாவது...”

“வேற எந்த வியாதிம்மா ஒரு வருஷம் தாங்கும்?”

ஐந்து நாள் என்ற சொல் காதில் இனித்தது. சரி என்றுவிட்டாள்.

முதல் மூன்று வாரம் மாமியாருக்கு நினைவே இல்லை. செட்டில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். விளக்குச் சூடு போர்வையைப்போல மேலே விழுந்தது. மருமகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுது வசனம் பேசினாள். பாதியில் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார்.

“அம்மா குறட்டை விடறாங்க. நினைவில்லாம கெடக்கறவங்க குறட்டை விடுவாங்களா?”

“அலுப்பா இருந்தா விடுவாங்க தம்பி” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

நாலாவது வாரம் நினைவு திரும்பும் காட்சி. இயக்குநர் வந்து கட்டில் ஓரம் குந்திக்கொண்டார். “மருமககிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. பேச்சு வராது. வசனமே கெடையாது. நீங்களாப் பாத்துப் பண்ணுங்க.”

வசனமே இல்லாமல் ஒரு காட்சியைத் தாங்கி அவள் நடித்ததில்லை. என்ன செய்வதென்று உண்மையிலேயே தெரியவில்லை. கேமரா ஓட ஆரம்பித்தது. அன்று காலை ஜன்னலைச் சாத்தச் சொல்ல அக்கா பட்ட பாடுதான் மனதில் வந்தது. வாய் ஒரு ஓரமாகத் தொங்கியது. நாக்கு ஒரு எழுத்தைத் தேடி மேல் அண்ணத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. பையின் அடியில் சாவியைத் துழாவுவதைப்போலக் கண் அலைந்தது. செத்த கையின் விரல்களை நல்ல கை ஒவ்வொன்றாக நீவிவிட்டது, யாருடைய குழந்தையின் விரலோ என்பதைப்போல. கடைசியில் ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தையும் இல்லை, அழுகையும் இல்லை.

‘கட்’ சொல்ல இயக்குநருக்கு நேரமாயிற்று. மேலே விளக்குப் பிடித்திருந்தவர் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மருமகளாக நடித்தவள் நிஜமாகவே விக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்தவள் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தாள். வாய் நேராவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

‘நீ ஒரு திருடி’ என்று நினைத்துக்கொண்டாள். அதோடு, நன்றாக வந்துவிட்டது என்ற சந்தோஷமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்ததுதான் அவளை வாட்டியது.

ஒளிபரப்பு அடுத்த திங்கள்கிழமை. அன்று காலையே வீட்டு டிவியின் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கிப் பீரோவுக்குள் ஒளித்தாள். டிவி கெட்டுப்போச்சு என்று ஆயாவிடம் சொன்னாள். மாலை ஏழரைக்கு, ஷூட்டிங்கில் இருந்தவளுக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. தெரிந்தவர், தெரியாதவர், பழைய நாடகக்காரர்கள். “தபாலு, இத்தனை வருஷம் எங்கடி வெச்சிருந்த இதை?” என்று எண்பது வயதுக் குழுத் தலைவர் போனில் அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது ஆயா வாசலிலேயே நின்றாள். “யக்கா! பிச்சு எடுத்துட்டீங்க! டிவி இல்லாட்டி என்ன, என் போன்ல போட்டு டீச்சருக்குக் காட்டிட்டேன். ரெண்டு தடவை பாத்தாங்க.”

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டாள். திரும்பவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுபோனாள். அக்கா வாயைத் திறக்கவில்லை. நல்ல பக்கத்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். ஆயா ஊட்டினால் சாப்பிட்டாள்.

எட்டு நாள் இப்படிப் போயிற்று. துடைக்கும்போதும் விரிப்பு மாற்றும்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த அடுத்துகூட வரவில்லை. ஊரெல்லாம் பாராட்டிக்கொண்டிருந்த அந்த எட்டு நாளும் அவளுக்கு ஒரு வாய்ச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, அக்காவை உட்காரவைத்துத் தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். கணுக்கால் வலிக்கு எப்போதும் தரையில் உட்கார மாட்டாள்.

“அக்கா. உன்னைத்தான் பண்ணேன். உன்னைக் கேக்காமப் பண்ணேன். எனக்கு வேற ஒண்ணும் தோணல. அடிக்கணும்னா அடி. இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்காத.”

அக்கா இடது கையை நீட்டி அவள் மோவாயைப் பிடித்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் தங்கை நினைத்தாள். அக்கா தன் கட்டைவிரலை அவள் வாயின் வலது ஓரத்தில் வைத்துக் கீழே அழுத்தினாள். “அடுத்து” என்றாள். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு தன் வலது கன்னத்தைத் தட்டிக் காட்டினாள். ஆயாவைப் பார்த்துப் போனுக்காகக் கையை ஆட்டினாள். ஆயா படத்தை ஓடவிட்டாள். மாமியாரின் முகம் பெரிதாக வந்ததும் அக்கா விரலால் திரையைக் குத்தினாள். அதில் தொங்கியிருந்தது இடது ஓரம்.

அக்காவின் எதிரே உட்கார்ந்து ஊட்டி ஊட்டி, கண்ணாடியில் பார்ப்பதைப்போலவே அவள் உள்வாங்கியிருந்தாள். அக்காவின் வலது, அவளுடைய இடதாகிவிட்டது. பேச்சு போவதற்கு வலது பக்கம் அல்லவா விழ வேண்டும்! டாக்டர் சொன்ன பாடத்தை அவள் மறந்துவிட்டாள். டீச்சர் மறக்கவில்லை.

“அடுத்து!” என்றாள் அக்கா. தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் அதே குரல்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அது எங்கேயோ போய் முடிந்தது. ஆயா வந்து முதுகைத் தடவிக் கொடுக்கும்படி ஆனது. அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வாயைத் திறந்து காட்டினாள். காலையில் கிண்ணத்தில் ஊறவைத்த ரொட்டி கரைந்துபோயிருந்தது. வேறு ஊறவைத்து ஊட்டினாள். எட்டு நாளும் கோபித்துக்கொண்டது திருடியதற்கா, தப்பாகத் திருடியதற்கா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஷூட்டிங்கில் போய், பக்கம் மாற்றிவிடலாமா என்று கேட்டாள். இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டார். “எட்டு எபிசோட் போயிடுச்சும்மா. இனிமே மாத்தினா வியாதி நடக்குதுன்னு சிரிப்பாங்க.” அதனால் ஏழு மாதம் மாமியாருக்கு இடது பக்கமே விழுந்துகிடந்தது. ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டாள். தினமும் மாலை ஏழு மணிக்கு டீச்சர் டிவியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஒரு விருது கிடைத்தது. விழாவில் தொகுப்பாளர் பெண், “இவ்வளவு தத்ரூபமா எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்று மைக்கை நீட்டினாள். “வீட்டுல” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கனமான விருது. காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்கு ஆயா அதை முட்டுக்கொடுத்தாள். நன்றாக நின்றது.

அதற்கப்புறம் வந்த வேஷமெல்லாம் படுக்கைதான். புற்றுநோய்த் தாய், விபத்தில் அடிபட்ட அத்தை, மகனைப் பார்க்காமல் உயிர் போகாமல் கிடக்கும் கிழவி. “எழுந்து நிக்கிற வேஷம் ஏதாவது இருக்கா?” என்று போனில் கேட்பாள். எதிர்முனையில் சிரிப்பார்கள். நகைச்சுவை என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டை வேண்டாம் என்றாள், இரண்டை ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்ட இரண்டில் ஒன்றில், மூக்கில் குழாய் சொருகிக் கட்டிலில் படுத்திருந்த ஒரு மத்தியானம்தான் அக்கா போய்விட்டாள். வீட்டில் அவளுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்திருந்தது. ஆயா மூன்று முறை போன் செய்திருக்கிறாள். இவளுடைய போன் உதவி இயக்குநரான பெண்ணிடம் இருந்தது. அவள் எடுத்துக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, இயக்குநரிடம் சொல்லியிருக்கிறாள். ஷாட் முடியட்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். நாலு டேக் போயிற்று. முடிந்ததும் அந்தப் பெண் வந்து குழாயைக் கழற்றிவிட்டுக்கொண்டே சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

“எப்ப?”

“ஒரு மணி நேரம் ஆச்சும்மா. மன்னிச்சுடுங்க. சார்தான்... நானும்தான்.”

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிறகு, “ஷாட்டு நல்லா வந்துதா?” என்று கேட்டாள். வந்தது என்றார்கள். சண்டை போடத் தெம்பில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அதையேதான் செய்திருப்போம் என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதல்தான் வீடு போய்ச் சேரும் வரைக்கும் வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

வீட்டில் கூட்டம். அக்காவிடம் கணக்குப் படித்தவர்கள் நரைத்த தலையோடு வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தவர், இவளுக்காக வந்தவர்கள். சிலர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். எப்போது அழுவாள் என்று எல்லோரும் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் சொன்ன நேரத்துக்கு அழுதவள். அன்றைக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஆயாதான் வீடு அதிர அழுதாள். அக்காவின் வலது கை விரல்கள் மடங்கியபடியே இறுகியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்திவிட்டாள். பார்த்தவர்கள், சீரியலில் வந்ததைப்போலவே இருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழுந்தது.

அழுகை மூன்று வாரம் கழித்து வந்தது. மளிகைக் கடையில் ரொட்டி வாங்கும்போது, எப்போதும் வாங்கும் பெரிய பாக்கெட்டுக்குக் கை போனது. கடைக்காரர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அங்கே யாரும் படம் எடுக்கவில்லை.

ஆயா வேறு வேலை தேடவில்லை. இவளும் போகச் சொல்லவில்லை. மூட்டையோடு வந்து கூடத்தில் படுத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு அறுபத்து நாலு. போன மாதம் ஒரு படத்தில் நீதிபதி வேஷம் வந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும், தீர்ப்புச் சொல்லும்போது எழுந்து நிற்க வேண்டும். நாலு வரி. நிற்கிற வேஷம் என்பதற்காகவே ஒத்துக்கொண்டாள். ஷூட்டிங் அன்று காலை ஆயாவிடம் காகிதத்தைக் கொடுத்து வசனம் கேட்கச் சொன்னாள். ஆயா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். குற்றவாளியின் வரிகளைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“பாவம்க்கா இவன். ஏன் இவனைப் போயி உள்ள போடறீங்க?”

“எழுதியிருக்கு. நீ படி.”

“இந்த ஜட்ஜம்மா நல்லவங்களா, கெட்டவங்களா?”

“நாலு வரிதான் பேசறா. அதுக்குள்ள எங்க தெரியப்போகுது?”

“மூணாவது வரி விட்டுட்டீங்கபோல.”

“விட்டுட்டேனா?” காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. “இருக்கட்டும். வண்டியில பாத்துக்கறேன்.”

கணுக்கால் வீங்கியிருந்தது. நல்ல செருப்பு நுழையவில்லை. நீதிபதியின் கால் மேசைக்கு அடியில்தானே இருக்கும் என்று வீட்டுச் செருப்பையே போட்டுக்கொண்டாள். ஆறே முக்கால் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் வர இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.